கை எட்டும் தூரம்

2025 நவம்பரில் ஸ்கொத்லாந்திலிருந்து ஒரு செய்தி வந்தது. டண்டீ பல்கலைக்கழகத்தில், மருத்துவ ஆய்வுக்கெனத் தானம் செய்யப்பட்டிருந்த ஓர் உடலின் மூளை நாடியிலிருந்து குருதிக் கட்டியை அகற்றும் செயல்முறையை, அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் இருந்தவாறே ஒரு வைத்தியர் செய்து காட்டினார் என்பதே அச்செய்தி. இடையில் அத்திலாந்திக் சமுத்திரம். தூரம் ஏறக்குறைய 6,400 கிலோமீற்றர். அங்கே வைத்தியரின் விரல் அசைவதற்கும் இங்கே இயந்திரம் அசைவதற்கும் இடைப்பட்ட தாமதம் 120 மில்லிவிநாடி, அதாவது கண்ணிமைக்கும் நேரம். அதே மாதக் கடைசியில் தித்வா புயல் இந்நாட்டைக் கடந்தது. மகாவலி பெருகிக் கம்பளை நகருள் புகுந்தது. சுற்றியுள்ள மலைகள் சரிந்தன. எங்கள் தோட்டத்திலிருந்து நகருக்கு இறங்கும் பதினொரு கிலோமீற்றர்ப் பாதையில் ஒரு துண்டு பல நாட்களாக இல்லாமலே போயிற்று.

இவ்விரண்டையும் ஒரே மாதத்தில் அறிந்த ஒருத்தி, அதிலும் கலைப்பீடத்தில் புவியியல் பயிலும் ஒருத்தி, தூரம் என்னும் சொல்லைப் பற்றிச் சிறிது எழுதத் துணிந்தால் அது மிகையாகாது என்று எண்ணுகிறேன். மருத்துவ பீடத்து நண்பர்கள் பிழை காணின் பொறுத்தருள்க.

மூளையின் குருதிக்கலன்களில் நேரும் கேடுகளுள் இரண்டை மட்டும் ஈண்டு கூறுவேன். ஒன்று, குருதி கட்டியாகி நாடியை அடைத்துவிடுவது. மற்றையது, நாடியின் சுவர் ஓரிடத்தில் நலிந்து சிறு பைபோலப் புடைத்து, ஒருநாள் வெடித்துவிடுவது. புடைப்பைச் சீர்செய்வதற்கு முன்னாளில் மண்டையோட்டைத் திறப்பதன்றி வழியில்லை. அடைப்புக்கோ பெரும்பாலும் வழியே இல்லை. போர்த்துக்கேய வைத்தியரான எகாஸ் மோனிஸ் 1927 இல் மூளை நாடிகளை ஊடுகதிர்ப் படத்தில் காணும் முறையைக் கண்டறிந்தார். 1964 இல் அமெரிக்காவில் சார்ள்ஸ் டொட்டர் என்பவர், காலில் அடைபட்டிருந்த நாடியொன்றைக் கத்தியின்றி, உள்ளே குழாய் செலுத்தியே திறந்தார். 1990களின் தொடக்கத்தில் இத்தாலியரான குக்லியெல்மி, பிளாற்றினக் கம்பிச் சுருளை நாடிப் புடைப்பினுள் விட்டு நிரப்பும் முறையைக் கொணர்ந்தார். அடைப்பைப் பொறுத்தவரை 2015 ஆம் ஆண்டே திருப்புமுனை. கட்டியை உள்ளிருந்தே பற்றி வெளியே இழுப்பது நோயாளரைக் காக்கிறது என்பதை அவ்வாண்டு ஐந்து ஆய்வுகள் அடுத்தடுத்து நிறுவின.

செய்கை கேட்பதற்கு எளிது. தொடை இடுக்கிலோ மணிக்கட்டிலோ உள்ள நாடியில் ஊசித்துளை இடுவர். அதன்வழியே ஒரு குழாயைப் பெருநாடியூடாகக் கழுத்துவரை ஏற்றுவர். அதனுள்ளே மெல்லிய குழாய். அதற்கும் உள்ளே ஒரு கம்பி. கம்பியின் பருமன் ஒரு மில்லிமீற்றரில் மூன்றிலொரு பங்கு அளவே. ஐந்து தலைமயிரைச் சேர்த்துப் பிடித்தாற் போன்றது. அதன் நுனி சற்றே வளைந்திருக்கும். ஊடுகதிர்த் திரையைப் பார்த்தவாறு, பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் கம்பியை உருட்டி உருட்டி, நாடி கிளைபிரியும் ஒவ்வோரிடத்திலும் நுனியை வேண்டிய பக்கம் திருப்பிச் செல்லவேண்டும். சற்று மிகையாகத் தள்ளினால் நாடி கிழியும். கண் திரையில் இருப்பினும் அறிவு விரலில் இருக்கிறது என்பர் இத்துறையினர்.

இதை முதன்முதலில் ஒரு மருத்துவ பீடத்துத் தோழி விளக்கியபோது எனக்கு என் அப்பாயியின் விரல்களே நினைவுக்கு வந்தன. என் தந்தையைப் பெற்ற அவர் முப்பத்தாறு வருடங்கள் கொழுந்து பறித்தவர். பறிக்கும்போது அவர் செடியைப் பார்த்து நான் கண்டதில்லை. பக்கத்து நிரையில் நிற்பவரோடு கதைத்துக்கொண்டிருப்பார். விரல்கள் தாமாகவே இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகத் தேடி எடுக்கும். முற்றிய இலையை அவை தொட்ட மாத்திரத்தே விட்டுவிடும். கங்காணி கூடையைக் கவிழ்த்துக் கிளறிப் பார்த்து ஒன்றும் சொல்லாமல் நகர்வார். முழுப் பேர் போடுவதற்கு அவ்விரல்களே ஆதாரம்.

றோபோ என்னும் சொல்லின் வரலாறும் இவ்விடத்தில் நோக்கத்தக்கது. செக் நாட்டு எழுத்தாளர் கரேல் சாப்பெக் 1920 இல் வெளியிட்ட நாடகத்தின் மூலமே அச்சொல் உலகுக்கு வந்தது. செக் மொழியில் அதன் வேர்ச்சொல் பண்ணையடிமைகள் தம் பிரபுக்களுக்குக் கட்டாயமாகச் செய்த ஊழியத்தைக் குறிக்கும். கண்டி இராச்சியத்தில் இராசகாரியம் என்று வழங்கிய முறைக்கு ஏறக்குறைய ஒத்தது. இராசகாரியம் 1833 இல் ஒழிக்கப்பட்டது. அதன்பின் இம்மலைகளில் கோப்பியும் தேயிலையும் நடுவதற்குக் கைகள் எங்கிருந்து கொணரப்பட்டன என்பதை இவ்விதழின் வாசகர்க்கு நான் சொல்லவேண்டியதில்லை.

நாடிக்குள் கம்பி செலுத்தும் றோபோ நாம் திரைப்படங்களில் காணும் மனித உருவம் அன்று. நோயாளர் படுத்திருக்கும் மேசையின் ஓரத்தில் பொருத்திய ஒரு கரம். அதன் முனையில் கம்பியையும் குழாயையும் பற்றி முன்தள்ளவும் பின்னிழுக்கவும் சுழற்றவும் வல்ல ஒரு சிறு பெட்டி. வைத்தியர் ஊடுகதிர் எட்டாத மறைவில் அமர்ந்து, கையடக்கமான நெம்புகோல்களை அசைப்பார். ஒரு மில்லிமீற்றர் நகர்த்து என்றால் ஒரு மில்லிமீற்றரே நகரும், களைப்பில்லை, நடுக்கமில்லை. நாள்முழுதும் ஈயக் கவசம் சுமந்து நின்று முதுகு நோவோருக்கு இது பெரும் விடுதலை. முதலில் இதயத்துக்கே இது பயன்பட்டது. 2018 டிசம்பர் 5 ஆம் திகதி குஜராத்தில் வைத்தியர் தேஜஸ் பட்டேல், காந்திநகர் அக்ஷர்தாம் கோயில் வளாகத்தில் அமர்ந்தவாறு, ஏறக்குறைய 32 கிலோமீற்றர் தொலைவில் அகமதாபாத்தில் படுத்திருந்த நோயாளரின் இதய நாடியைச் சீர்செய்தார். இவ்வாறு ஐவருக்குச் செய்யப்பட்டது, ஐவரும் நலமடைந்தனர். இதயத்துள் கோயில் கட்டிய பூசலாரை நாம் அறிவோம். கோயிலிலிருந்து இதயத்துக்குக் கம்பி விட்டவர் இவரே போலும்.

மூளையில் முதன்முதல் இக்கருவியைப் பயன்படுத்தியது ரொறன்ரோ வெஸ்ரேர்ன் வைத்தியசாலை. 2019 நவம்பரில் அங்கு விற்றர் மென்டிஸ் பெரேரா என்னும் வைத்தியர், மூளையின் அடிப்புற நாடியில் இருந்த புடைப்பொன்றைச் சுருள் இட்டு அடைத்தார். பெயரைக் கேட்பவர் நம் நாட்டவரென மயங்கக்கூடும். போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற பெயர்கள் உலகெங்கும் உள. அன்று வைத்தியரும் நோயாளரும் ஒரே கட்டடத்தில்தான் இருந்தனர். அக்கருவிக்கு ஒரு குறையும் இருந்தது. கம்பியின் நுனி நாடிச்சுவரில் முட்டுவதை அது வைத்தியரின் விரலுக்குத் திருப்பிச் சொல்லாது. டண்டீயில் பயன்பட்ட லிதுவேனியக் கருவியின் புதுமை அக்குறையை நீக்க முனைந்ததே. அங்கே வைத்தியர் வழக்கமான கம்பியையே கையிற் பிடித்து உருட்டுகிறார்; மறுமுனையில் கம்பி உணரும் தடை அவர் விரலுக்குத் திரும்பி வருகிறது. அப்பாயிக்கு நான் இதை எவ்வாறு விளக்கினேன் என்பதைப் பின்னர் சொல்கிறேன்.

2019 ஒக்ரோபரில் ஓர் இரவு. நான் உயர்தரப் பரீட்சைக்கு ஆயத்தமாகிக் கொண்டிருந்தேன். எங்கள் லயக் காம்பராவில் அப்பாயியும் நானும் உள்ளறையில் படுப்போம். இரவு ஒன்பது மணியளவில் அப்பாயி பாயில் அமர்ந்து இடக்கையை உதறிக்கொண்டிருந்தார்.

“தாயி, எடது கை மரமரன்னு இருக்கு.”

“இன்னைக்கு வெறகு நெறையத் தூக்கினீங்கள்ல அப்பாயி. தூங்கினா சரியாயிரும்.”

அவர் படுத்துக்கொண்டார். நான் பதினொரு மணிவரை விளக்கருகே இருந்தேன். அவர் மறுமுறை ஒன்றும் சொல்லவில்லை. விடியற்காலை நாலரை மணிக்கு ஏதோ விழுந்த ஓசை கேட்டு எழுந்தபோது, அடுப்படியில் அவர் சுவரோரமாகச் சரிந்து கிடந்தார். வாய் ஒருபுறம் கோணியிருந்தது. பேச முயன்றார், நாக்குப் புரளவில்லை.

அயலவர் கூடினர். ஒருவர் எண்ணெய் தேய்க்கச் சொன்னார். ஒருவர் காற்றுப் பட்டிருக்கும் என்றார். லயத்தில் கைத்தொலைபேசிக்கு அலை எட்டாது. மேல்மலை வளைவுக்கு ஏறவேண்டும். அப்பா இருட்டில் ஓடி ஏறி 1990 இலக்கத்துக்கு அழைத்தார். இந்திய அரசின் உதவியுடன் 2016 இல் தொடங்கிய அந்த அம்புலன்ஸ் சேவை எங்களுக்கு அரிய வரப்பிரசாதம். ஆயினும் தார்ப்பாதை முடியுமிடத்துக்கு மேல் அதனால் ஏற இயலவில்லை. கம்பளியொன்றின் நான்கு மூலைகளையும் நால்வர் பற்றி, மழையில் வழுக்கும் படிகளில் அப்பாயியை இறக்கினர். முதலிற் சேர்த்த இடத்தில் மூளையைப் படம் பிடிக்கும் கருவி இல்லாமையால் வேறிடத்துக்கு அனுப்பினர். அங்கு போய்ச் சேரும்போது காலை எட்டு மணி பத்து நிமிடம். வழியில் யாரும் சோம்பியிருந்ததாக நான் கூறமாட்டேன். ஒவ்வொருவரும் தத்தம் வேலையை விரைவாகவே செய்தனர்.

அங்கே இளம் வைத்தியர் ஒருவர் முதலாவதாகக் கேட்ட கேள்வி இதுவே: கடைசியாக இவர் எப்போது நன்றாக இருந்தார்? அப்பா என்னை நோக்கினார். நான் சொன்னேன்: “இரவு படுக்கும்போது நன்றாகத்தான் இருந்தார்.”

அக்கேள்வியின் பொருள் அன்று எனக்குத் தெரியாது. கட்டியைக் கரைக்கும் மருந்தை, நோய் தொடங்கி நாலரை மணித்தியாலத்துக்குள் கொடுக்கவேண்டும் என்பது பொது விதி. கம்பி விட்டு இழுப்பதற்கு முதலில் ஆறு மணித்தியாலம் என்றனர். தெரிந்தெடுத்த சிலருக்கு 24 மணித்தியாலம் வரையிலும் பயன் உண்டென 2018 இல் வெளிவந்த ஆய்வுகள் காட்டின. நேரம் தெரியாதபோது வைத்தியரின் கை கட்டப்பட்டுவிடும். நான் ஒன்பது மணி என்று உண்மையைச் சொல்லியிருந்தாலும் அன்று காலை சிகிச்சை மாறியிராது என்று தோழி பலமுறை கூறியிருக்கிறாள். எப்படியும் மருந்துக்குரிய நேரம் கடந்துவிட்டது. ஆனால் இரவு ஒன்பது மணிக்கே நான் அப்பாவை எழுப்பியிருந்தால்? ஜெஃப்ரி சேவர் என்னும் அமெரிக்க வைத்தியர் 2006 இல் ஒரு கணக்கை வெளியிட்டார். மூளையின் பெரிய நாடியொன்று அடைபட்டால், சிகிச்சையின்றிக் கழியும் ஒவ்வொரு நிமிடத்திலும் 19 இலட்சம் நரம்புக் கலங்கள் அழிகின்றன என்பது அது. ஒன்பது மணியிலிருந்து எட்டுமணி பத்துவரை எத்தனை நிமிடம் என்று கணக்கிட்டு, பெருக்குவதற்காகக் கணிப்பானையும் ஒருமுறை கையிலெடுத்தேன். பின்னர் வைத்துவிட்டேன்.

புவியியலில் ஒரு பயிற்சி உண்டு. ஓரிடத்திலிருந்து ஒரே நேர அளவில் சென்றடையக்கூடிய இடங்களையெல்லாம் கோட்டால் இணைப்பது. கண்டியிலிருந்து அவ்வாறு வரைந்து பார்த்தேன். பேராதனை, கெலிஓயா, கம்பளை எனப் பெருந்தெரு வழியே கோடு விரைந்து நீள்கிறது. புசல்லாவைக்குச் செல்லும் பாதையிலும் தளர்ச்சியில்லை. பெருந்தெருவை விட்டுத் தோட்டப் பாதையில் திரும்பியதும் கோடுகள் ஒன்றன்மேலொன்றாக நெருங்கி, மரத்தின் வைரம்போல் இறுகிவிடுகின்றன. கம்பளையிலிருந்து கண்டிக்குச் செல்லும் நேரத்தைவிட எங்கள் லயத்திலிருந்து கம்பளைக்கு இறங்கும் நேரம் கூடுதல். சமுத்திரத்தை 120 மில்லிவிநாடியில் கடக்கும் கம்பி கடக்காத தூரம் இதுவே.

எனவே, கம்பளையில் நாளை ஒரு றோபோவைக் கொண்டுவந்து வைத்தால் என்ன ஆகும் என எண்ணிப் பார்க்கிறேன். அதற்கு முன் மூளையைப் படம் பிடிக்கும் கருவி வேண்டும். நாடிகளைத் திரையில் காட்டும் ஊடுகதிர் மேசை வேண்டும். தொடை நாடியில் துளையிட்டு முதற் குழாயைக் கழுத்துவரை ஏற்ற அங்கேயே ஒரு தேர்ந்த கை வேண்டும். மயக்கமருந்து கொடுப்பவர் வேண்டும். ஏதேனும் பிழைத்தால் அந்தக் கணமே பொறுப்பேற்கவும் ஒருவர் வேண்டும். இயந்திரம் தனித்து வருவதில்லை. தன்னைச் சுற்றி ஒரு வைத்தியசாலையையே கேட்கிறது. மின்சாரமும் தொடர்பும் அறாதிருக்கவேண்டும் என்பது அதற்கும் மேலே. தித்வாவின்போது இரண்டும் அற்றன. வணிகத்தின் போக்கையும் மறத்தலாகாது. ரொறன்ரோவில் பயன்பட்ட கருவியைச் செய்த நிறுவனத்தை சீமென்ஸ் ஹெல்தினியர்ஸ் 2019 இல் ஏறக்குறைய 110 கோடி டொலருக்கு வாங்கியது. 2023 இல் அதன் இதயப் பிரிவைக் கைவிட்டது. செல்வ நாடுகள் இதைத் தாங்கும். கடன்பட்டு ஒன்று வாங்கிய நாட்டில் உதிரிப்பாகமின்றி அது துணிபோர்த்திக் கிடக்கும்.

இவ்வளவும் கூறியமையால் நான் இயந்திரத்தை வேண்டாதவள் எனக் கொள்ளவேண்டா. ஏழைகளுக்கு இவையெல்லாம் எதற்கு என்னும் பேச்சு எனக்கு உடன்பாடன்று. பெரும்பாலும் அது கொழும்பில் இருந்துகொண்டே பேசப்படுகிறது. மூளை நாடிக்குள் கம்பி செலுத்தத் தேர்ந்த கைகள் இந்நாட்டில் மிகச் சில. ஒரு கை பழகுவதற்குப் பல வருடங்கள் செல்லும். 2022 இன் பொருளாதார நெருக்கடிக்குப் பின் வைத்தியர் பலர் கடல் கடந்துவிட்டனர். அவர்களைக் குறைகூறவும் மனம் வரவில்லை. ஆயின் போன கை கம்பி வழியே திரும்பி வரலாமன்றோ! பேராதனையிற் படித்து இங்கிலாந்தில் வாழும் ஒருவர், அங்கு தம் இரவுக் கடமைக்கிடையில் கண்டியில் கிடக்கும் ஒருவரின் மூளையைத் தொடுவது இனியும் கற்பனையன்று. கருவி முதலில் நிற்கவேண்டிய இடம் கண்டியே. 2025 நவம்பரில் கடுகண்ணாவையில் மண் சரிந்து கொழும்புப் பாதை மூடப்பட்ட நாட்களில், இரு நகரங்களுக்கிடையே நோயாளரை அனுப்புவதைவிடக் கையை அனுப்புவதே இயலக்கூடியதாய் இருந்திருக்கும்; தொடர்பு மட்டும் உயிரோடிருந்திருந்தால்.

கண்டிக்கு அப்பால், பெருந்தெருவுக்கும் லயத்துக்கும் இடையில் வேண்டியவை வேறு. அவற்றின் பட்டியலில் றோபோ இல்லை. ஒரு பாலம், இரண்டு வளைவில் கொங்கிறீட்டு, மேல்மலைக்கு ஏறாமலே பேசத்தக்க அலை. அத்தோடு, கை மரத்தாலோ வாய் கோணினாலோ பேச்சுக் குழறினாலோ அது காற்றன்று, மூளை என்று அறிந்த ஒரு பேத்தி. இவையெல்லாம் சேர்ந்தாலும் அந்த இயந்திரத்தின் விலைக்கு அருகிலும் வரா. இவற்றைத் திறந்துவைக்க யாரும் நாடா வெட்ட வருவதில்லை என்பதே இவற்றின் குறை.

அப்பாயி உயிர் பிழைத்தார். ஒரு வருடத்தில் பேச்சு ஓரளவு திரும்பியது, கால் இழுத்து இழுத்து நடக்கிறார், இடக்கை திரும்பவில்லை. கொழுந்துக்கு இரு கைகளும் வேண்டும். முற்றத்து ஓரத்தில் நிற்கும் நாலைந்து தேயிலைச் செடிகளை மட்டும் அவர் ஒற்றைக் கையால் இன்னும் பறிப்பதுண்டு. எதற்கென்று கேட்டால் விரல் மறந்துவிடுமாம்.

இந்த வருடம் பொங்கல் விடுமுறைக்குப் போயிருந்தபோது டண்டீச் செய்தியை அவருக்குச் சொன்னேன். ஈர்க்கிலொன்றை எடுத்து விரலிடையில் உருட்டிக் காட்டி, கம்பி தொடையிற் புகுந்து தலைக்கு ஏறுவதையும், கடலுக்கு அப்பால் ஒருவர் அதை உருட்டுவதையும் விளக்கினேன். அவர் வியப்படையவில்லை. ஈர்க்கிலை வாங்கித் தம் வலக்கை விரலில் உருட்டிப் பார்த்தார்.

“அங்க இருக்கவருக்கு, இங்க முட்டுறது தெரியுமா?”

“தெரியுமாம் அப்பாயி. கையில தெரியுற மாதிரி செஞ்சிருக்காங்க.”

“அப்ப சரி. கை தெரியாம உள்ள போகக் கூடாது.”

சிறிது நேரம் இருவரும் பேசவில்லை. அன்றைய ஒன்பது மணியைப் பற்றி ஆறு வருடமாக நான் எவரிடமும், தோழியைத் தவிர, சொன்னதில்லை. அப்பாவுக்கும் தெரியாது. அன்று சொல்லிவிடலாம் என்று தோன்றிற்று. “அப்பாயி, அன்னைக்கு ராத்திரி நீங்க கை மரமரன்னு இருக்குன்னு...” என்று தொடங்கினேன்.

அப்பாயி வலக்கையால் இடக்கையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

“அன்னைக்கு வெறகு கொஞ்சம் அதிகந்தான், தாயி” என்றார்.